கொட்டிய பாலுக்கு நாற்பத்தொரு கையெழுத்து

பாதிக்கப்பட்டவர்கள் மூன்று பேர். மூவருக்கும் வயது இருபத்தைந்து நாள். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது. முகவரி, மகளிர் விடுதியின் துணி துவைக்கும் அறையில் ஓர் அட்டைப்பெட்டி. இழைக்கப்பட்ட அநீதி இது: மாணவிகள் தங்கள் பங்கிலிருந்து ஊற்றி வைக்கும் பாலை, விடுதி வார்டன் தினமும் எடுத்துச் சாக்கடையில் கொட்டுகிறார்.

மனு இப்படித்தான் தொடங்கியது. எழுதியவள் மூன்றாம் ஆண்டு மாணவி. விடுதியில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். படிப்பது என்னவோ கணிதம்.

வார்டனுக்குப் பெயர் 'விசில்'. கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும்.

பூனைக்குட்டிகள் வந்த முதல் நாளே இருவருக்கும் முட்டிக்கொண்டது. "பால் வேண்டாம்மா, அதுங்களுக்கு..." என்று வார்டன் ஆரம்பித்தார். வக்கீல் முடிக்க விடவில்லை. பசித்த வயிற்றிடம் விதிமுறை பேசுவது எந்த ஊர் நியாயம் என்று பிடித்தாள். அதிகாரம், அநாதைகள், உணவுக்கான உரிமை என்று இருபது நிமிஷம் வெளுத்து வாங்கினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வார்டன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கிண்ணம் காலி. கொட்டுவதை வக்கீலே கண்ணால் பார்த்தாள்.

"பச்சைக் குழந்தை வாயிலேருந்து பிடுங்குது பாரு. நமக்கு மட்டும் எப்படி மனசு வந்து சாப்பாடு போடுது?" என்றாள் அறைத்தோழி.

மற்ற இரண்டு குட்டிகளும் எப்படியோ தாக்குப்பிடித்தன. கடைக்குட்டி 'பொடிசு'தான் நோஞ்சான். அதற்காவது நியாயம் கிடைக்கட்டும் என்று வக்கீல் அதைத் தன் அறைக்கே தூக்கி வந்தாள். மடியில் கிடத்தி, பாலை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். வார்டன் கொட்டியதற்கும் சேர்த்து ஊட்டினாள். நான்காம் நாள் காலை பொடிசு தலையைத் தூக்கவில்லை.

வக்கீலுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மனுவைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோனாள். காலைச் சாப்பாடு முடிவதற்குள் நாற்பத்தொரு கையெழுத்து. வார்டன் ஒப்பந்த ஊழியர். அந்தக் காகிதம் பல்கலைக்கழகப் பதிவாளர் மேசைக்குப் போனால் அடுத்த ஆண்டு அவருக்கு வேலை இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வார்டன் வந்தார். நின்றபடியே முழு மனுவையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் சர்டிபிகேட் இல்லாம இதைப் பதிவாளர் வாங்க மாட்டார். குட்டியை இப்பவே டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போ."

"திமிரப் பாத்தியா? முடிஞ்சா நிரூபின்னு சொல்லிட்டுப் போகுது" என்றாள் அறைத்தோழி.

நிரூபிக்கத்தான் வக்கீல் ஓடினாள், பொடிசைத் துண்டில் சுற்றிக்கொண்டு. பட்டினி என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டாள். அவர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். என்ன கொடுக்கிறாய் என்று விசாரித்தார்.

"மத்த ரெண்டும் எப்படியிருக்கு?"

"அதுங்க கொழுகொழுன்னு இருக்கு டாக்டர்."

"அதுங்களுக்கும் இதே பால்தானா?"

"இல்லையே. அதுங்க பாலைத்தான் வார்டன் கொட்டிடுறாங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. எந்த மேடையிலும் எந்த எதிராளியும் அவளை இப்படி மடக்கியதில்லை.

இது பட்டினி இல்லை, வயிற்றுப்போக்கு என்றார் மருத்துவர். பசும்பால் குட்டிகளின் வயிற்றுக்குச் சேராது. போய்ப் போய் உடம்பில் தண்ணீரே வற்றிவிட்டது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கை மீறியிருக்கும். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். பிழைத்துக்கொள்ளும், இனி ஒரு சொட்டுப் பால் கூடாது என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"பூனைக்குட்டிக்குன்னே வர்ற பால் பவுடர். வெதுவெதுன்னு தண்ணில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடு. உங்க விடுதியில ஒரு அம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. கழுத்துல விசில் போட்டிருப்பாங்க. இங்க இருந்த டப்பாவையெல்லாம் இறக்க வச்சு, இது பெரிய பூனைக்கு, இது நாய்க்குட்டிக்குன்னு ஒவ்வொண்ணா தள்ளிட்டு இதை எடுத்தாங்க. எத்தனை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவுன்னு எழுதியும் வாங்கிட்டுப் போனாங்க. இப்ப ரெண்டாவது டப்பா ஓடுது."

வக்கீல் திரும்பி வந்தபோது வார்டன் துவைக்கும் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். குட்டிகள் இரண்டும் தட்டில் மூக்கை முக்கிக்கொண்டிருந்தன. அவர் பொடிசை வாங்கி மூக்கைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், புடவைத் தலைப்புக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.

வக்கீல் மனுவை நாலாகக் கிழித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது கேள்வி.

"இதை இன்னிக்குக் குடுத்திருப்பேன் மேடம். உங்க வேலையே போயிருக்கும். முதல் நாள் நான் பேச விடல, சரி. இன்னிக்குக் காலையிலயாவது சொல்லியிருக்கலாமே?"

வார்டன் குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொல்லத்தான் விடிஞ்சதும் உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். வெறும் டீயில ரொட்டியைத் தோய்ச்சுத் தின்னுட்டு, உன் பாலை அதுக்குன்னு மூடி வச்சிருந்தே. அப்படிப்பட்ட பொண்ணுகிட்ட போய், உன்னாலதான் இது சாகக் கிடக்குன்னு எப்படிம்மா சொல்லுவேன்? அதுக்கு, என்னைத் திட்டிக்கிட்டே நீ டாக்டர்கிட்ட போறது தேவலைன்னு அனுப்பி வச்சேன்."