மார்செய்க்குப் பெயர் வைத்தவர்

"மிஸ்யூ வல்லிபுரம்."

தவராசா எழுந்தார். அப்பாவின் பெயரைக் கூப்பிட்டால் எழுந்துதான் ஆகவேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கம்.

பிரான்சுக்கு வந்த புதிதில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் எழுதினார். அதுவே குடும்பப் பெயராகிப் போனது.

செத்துப்போன அப்பா அன்றிலிருந்து மார்செய் நகரத்து உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்.

குடியுரிமை நேர்காணல். மூன்றாம் தடவை. இதுவும் போனால் இன்னொரு தடவைக்கு உடம்பில் தெம்பில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவள் நகரத்தைப் பற்றிக் கேட்டாள்.

மகள் நிரூபா படிப்பித்ததை ஒப்புவித்தார். இரண்டாயிரத்து அறுநூறு வருடப் பழைய துறைமுகம். கிரேக்கர்கள் படகில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு அரசன் வீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை தெரிவுசெய்கிற விருந்தாம். வந்தவர்களில் ஒருவனிடம் அவள் கிண்ணத்தை நீட்டினாள். கல்யாணம் முடிந்தது.

படகில் வந்தவனுக்குப் பெண்ணும் நிலமும். அவன் எந்தப் படிவத்தை நிரப்பினான்?

அதைக் கேட்கவில்லை.

மார்செய் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றாள்.

மசாலியா என்பது பழைய பெயர். அதற்கும் முன்னால்? நிரூபா ஐந்து புத்தகம் புரட்டினாள். ஐந்தும் ஐந்து கதை.

"ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது, மடம்."

அதிகாரி எதையோ எழுதினாள். சரியான பதில் என்றா, ஆளுக்குத் தெரியாது என்றா? கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

கையால் மறைத்தாள்.

அடுத்தது அவருடைய பெயர். மனைவி சின்னத்தம்பி, மகள் தவராசா, நீங்கள் வல்லிபுரம். ஒரே வீட்டில் எப்படி மூன்று குடும்பம் என்றாள்.

தவராசா நான். வல்லிபுரம் அப்பா. சின்னத்தம்பி மாமனார். சொல்லச் சொல்ல அவள் புருவம் மேலே ஏறியது.

வல்லிபுரம் அப்பாதான் என்பதற்குப் பத்திரம் வேண்டுமாம்.

பத்திரம் இருந்த பதிவுக் கந்தோர் சண்டையில் எரிந்த கதையைப் போன இரண்டு தடவையும் சொன்னார். இந்தமுறை சொல்லவில்லை.

"உங்கட ஊர்ப் பேருக்கு இருக்கிற பத்திரத்தை ஒருக்காக் காட்டுங்கோ, மடம். அதைப் பாத்து எங்கட அப்பாவுக்கும் ஒண்டு எழுதுவம்."

அவள் பேனாவை மூடினாள். கடிதம் வரும் என்றாள்.

முன்பும் அதைத்தான் சொன்னார்கள்.

வெளியே காத்திருந்தவர்களுக்கு நடுவிலிருந்து நிரூபா ஓடிவந்தாள். பெயர்க் கேள்வி வந்ததா என்றாள். வந்தது என்றார். சரியாகச் சொன்னீர்களா என்றாள்.

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"மிஸ்யூ தம்பிமுத்து."

தம்பிமுத்துவின் மகன் எழுந்து போனான்.