மழைராணியின் குரல்

"அம்மா, பிடிக்கலைன்னா இடைவேளையிலேயே எழுந்து வந்துடலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கிளம்பும்மா."

அம்மா மடியிலிருந்த நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'நாலே நாளில் தூக்கிய படம். அதைப் பார்க்க நான் வேறயா?'

"அது அப்போ! இப்ப ஒன்பது வருஷமா ஓடுது. மாசத்துல முதல் ஞாயிறு, மத்தியான ஆட்டம். டிக்கெட் கிடைக்காம ஜனம் திரும்பிப் போகுது, தெரியுமா?"

'குடைக்காரனும் ஏழு மேகமும்' என்பது படத்தின் பெயர். மேகங்களைத் திருடிப் பெட்டியில் பூட்டி வைத்த மந்திரவாதியோடு, குடை ரிப்பேர் செய்கிறவன் ஒருவன் குடையாலேயே சண்டை போடுகிற கதை. சமயத்துக்கு அந்தக் குடை விரியாது. ஒவ்வொரு முறையும் மழைராணி வந்துதான் அவனைக் காப்பாற்ற வேண்டும். அந்த மழைராணிக்குப் பின்னணி பேசியவள் அம்மா. திரையில் அவள் பெயரைக்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ நடிகைகளுக்குப் பேசிவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம். பழகினால் அதிலேயே பேசலாம் என்றார் டாக்டர். 'அது என் குரல் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடியவள்தான். டிவியில் தான் பேசிய படம் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

இன்று மகள் விடுவதாயில்லை. செருப்பையே எடுத்து வந்து அம்மாவின் காலடியில் போட்டுவிட்டாள்.

தியேட்டர் வாசலில் வெயில் கொளுத்தியது. ஆனால் வந்தவர்கள் எல்லோர் கையிலும் குடை இருந்தது, மடக்கியே வைத்திருந்தார்கள். மகள் அம்மாவைக் கடைசி வரிசை ஓரத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்கு இடம் முன்னாடி, ஃப்ரெண்ட்ஸோட. ஏதாவது வேணும்னா கூப்..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மெசேஜ் பண்ணும்மா."

விளக்கு அணைந்தது. நீலமும் சாம்பலுமாய்த் திரையில் மேகங்கள் நகர்ந்தன. குடைக்காரன் வாயைத் திறக்கும் முன்பே அவன் பேச்சைக் கூட்டம் பாதி பேசி முடித்தது. மந்திரவாதியின் வாள் குடையில் மோதுகிற சத்தம் தகரத்தைத் தட்டின மாதிரி இருந்தது. அந்தக் காலத்துப் படம், அப்படித்தான் இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

பிறகு மேகத்தைப் பிளந்துகொண்டு மழைராணி இறங்கினாள். அந்தக் கணத்தில் அரங்கு முழுக்கக் குடைகள் விரிந்தன. கறுப்பும் பூப்போட்டதுமாய் முந்நூறு குடைகள் இருட்டில் மெல்ல ஆடின, ஏதோ குளத்தின் அடியிலிருந்து அல்லிக் கூட்டத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி.

"முதல் தடவையா?" பக்கத்து இருக்கையில் டிரைவர் உடுப்பில் இருந்தவர் தன் குடையை அவள் பக்கம் சாய்த்தார். "உள்ள வந்துடுங்கம்மா. நனையப் போறீங்க!"

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

"பயமா இருந்தா பயந்துக்கிட்டே நட. ஆனா, நட."

அம்மாவின் உடம்பு சிலிர்த்தது. இருபத்தாறு வயதுக் குரல். தேனில் லேசாக மிளகைத் தூவினாற்போல. இது தன்னுடையதா? இவ்வளவு அழகாகவா இருந்தது? ஒரு இடத்தில் வாயசைவுக்கு அரை நொடி முன்னாலேயே வார்த்தை விழுந்தது. அவ்வளவா அவசரப்பட்டோம் என்று தன்னையே கடிந்துகொண்டு, இருட்டில் சிரித்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வேலை போச்சு," டிரைவர் கிசுகிசுத்தார். "வீட்ல சொல்ல தைரியமில்லாம இங்க வந்து உட்கார்ந்தேன். மந்திரவாதி வேஷமெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா இந்தக் குரல் சொன்னா நம்பிடலாம்னு இருந்தது. நேரா எழுந்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன்."

அம்மாவின் கண்ணை நீர் மறைத்தது. மழைராணி பேசப் பேச, அவள் உதடுகளும் ஓசையில்லாமல் அசைந்தன. பேசாத இந்த நாலு வருஷமும் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடந்ததாகத் தோன்றியது. இடைவேளையில் எழுந்திருக்கவில்லை. கடைசி மேகம் பெட்டியிலிருந்து விடுபட்டு மழையாய்ப் பொழிந்து, கூட்டம் கைதட்டிக் கலைகிறவரை அசையவேயில்லை.

மகளிடமிருந்து மெசேஜ் வந்தது: 'பத்து நிமிஷம்மா.'

அம்மா படியேறினாள். ஆபரேட்டர் அறை திறந்திருந்தது. உள்ளே ஒருவர் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு மூடி வைத்தாள்.

"சவுண்டு..." நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. கரகரவென்று பாதியில் உடைந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, காத்திருந்தார். "இத்தனை வருஷமா... எப்படி... கெடாம வச்சிருக்கீங்க?"

"சவுண்டா?" ஆபரேட்டர் சிரித்தார். "அது பாழாப் போய் மூணு வருஷமாச்சும்மா. நான் ஓட்டுறது ஊமைப்படம். திரைக்குப் பின்னாடி ஏழெட்டுப் பேர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசறாங்க."

அம்மா அறைக்குள் ஒரு அடி வைத்தாள். "மழைராணிக்கு...?"

"அது ஒரு பொண்ணும்மா. மூணு வருஷமா ஒரு ஆட்டம் தவற விட்டதில்லை. ஆனா இன்னிக்குத்தான் அவசரப்பட்டு ஒரு வார்த்தையை முன்னாடியே விட்டுடுச்சு. அதோட அம்மா கேட்க வந்திருக்காங்களாம்."