மாலை போட்ட ஜீப்

மலையடிவாரத்தில் ஒரு கிழட்டு ஜீப் இருந்தது. ஆயுத பூஜையன்று அதன் ஓட்டுநர் பவுன்ராஜ், முகமே மறையும்படி செவ்வந்தி மாலைகளை நெருக்கிக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து ஜீப்புக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஏற்றம் வந்தாலே இன்ஜின் கொதித்தது. பவுன்ராஜ் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஆயிலை மாற்றினான். கடைசியாக பெல்ட்டையும் மாற்றிவிட்டு, "இன்னொரு தடவை கொதிச்சே, பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றான்.

"அண்ணே, முன்னால காத்தே வரல. மாலையை எப்படியாவது உதறிடுங்க" என்று இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஜீப்பிடம் கெஞ்சியது.

"உனக்குப் பொறாமைடா" என்றது ஜீப்.

டீக்கடை வாசலில் நின்றபோது ஒரு வெள்ளாடு வந்து மாலையைக் கடித்தது.

"ஐயோ, அது எனக்குச் செஞ்ச மரியாதை!" என்று ஜீப் அலறியது.

"கொஞ்சம் காஞ்சு போச்சு தம்பி, பரவாயில்ல" என்று ஆடு நாரோடு சேர்த்து மென்று முடித்தது.

வெட்கத்தோடு ஜீப் மலையேறியது. வெறும் முகத்தில் காற்று ஜில்லென்று அடித்தது. உச்சி வரை, சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவே இல்லை. ரேடியேட்டர் பாட ஆரம்பித்தது. அடுத்த வளைவில் ஜீப்பும் சேர்ந்துகொண்டது.

"எல்லாம் நான் மாத்தின பெல்ட்டு!" என்று பவுன்ராஜ் மார்தட்டிக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பூஜைக்கு இரண்டு மடங்கு மாலை வாங்கிக் கட்டினான்.

 ஜீப் நேரே டீக்கடை வாசலுக்குப் போய் நின்று, வெள்ளாட்டைப் பார்த்து ஹாரனை அடித்தது:

"அக்கா, பந்தி போட்டாச்சு, வாங்க!"