எரிச்சலூட்டும் அண்ணன்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தங்கை தன் வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

‘எரிச்சலூட்டும். பொருள்: கோபம் வரவைக்கும். வாக்கியம்: அண்ணன் வாயாலேயே டைப் செய்து அனுப்பும் செய்திகள் எரிச்சலூட்டும்.’

அவன் சிரித்துக்கொண்டே போனிடம் பேசினான். “அடிப்பாவி! டீச்சர் பார்த்தாங்களா?”

பதில் உடனே வந்தது. “டிக் போட்டாங்க! உன் மெசேஜ்ல நாலு வரிக்கு மூணு தப்பு. நடுவுல ‘வலிக்குதா’ன்னு வேற வருது. அம்மா பயந்துட்டாங்க. கையால அடிச்சா குறைஞ்சா போயிடுவே?”

“அது டிவி சத்தம்டி. உன் அண்ணன் சுத்த சோம்பேறின்னு அம்மாகிட்ட சொல்லு.”

பேசி முடித்தவன், மெஷினில் நசுங்கிய தன் இரண்டு கைகளுக்கும் கட்டு மாற்றி முடித்த தமிழ் நர்ஸை நிமிர்ந்து பார்த்தான்.

“சிஸ்டர், அதை அனுப்பிவிடுங்க. இனிமே நான் பேசுறப்ப மட்டும் வலிக்குதான்னு கேக்காதீங்க.”