ஒன்று புள்ளி ஒன்பது

வழக்கம்போல ஜெல் புட்டியை உள்ளங்கைகளில் வைத்துச் சூடாக்கிய பிறகே மருத்துவமனையில் இதயப் படம் எடுக்கும் சூன்னிவா எக்கோ கருவியை ஐவிந்தின் மார்பில் வைத்தாள். பெர்கன் நகருக்குப் பக்கத்துத் தீவுகளுக்கு ஃபெர்ரிப் படகு ஓட்டும் அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் இதயத் தசை, பிறவியிலிருந்தே கடற்பஞ்சுபோல இருந்திருக்கிறது. பஞ்சான பகுதி, உறுதியான பகுதியைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனால் நோய் உறுதி, வேலையும் போய்விடும். திரை 2.3 என்றது.

“பாத்துப் போடும்மா. கரையில ஒரு வாரம் உக்காந்தேன்னா என் பொண்டாட்டியே என்னைக் கடல்ல தள்ளிடுவா,” என்று சிரித்தார்.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவள் அறிக்கையில் 1.9 என்று எழுதினாள்.

ஒன்பதாம் நாள் சுக்கானைப் பிடித்தபடியே அவர் இறந்துபோனார்.

அதன்பிறகு யார் வந்து படுத்தாலும் திரை 1.9 என்றது. இயந்திரத்தை மாற்றினார்கள். புதியதும் அதையே சொன்னது. யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை கடைசி ஆளும் போனபின் கருவியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டினாள். கட்டில் காலியாக இருந்தது. திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. 1.9.

சூன்னிவா ஜெல் புட்டியை எடுத்து உள்ளங்கைகளில் வைத்துச் சூடாக்கத் தொடங்கினாள்.