தோட்டக்காரனா, வக்கீலா?

"கொலை பண்ணது அந்த வக்கீல்தான். எழுதி வெச்சுக்கோக்கா!" என்றான் தம்பி போனில்.

"போடா! தோட்டக்காரன்டா. ஈரச் செருப்பைக் காட்டினாங்களே, பார்க்கலையா?" என்றாள் அக்கா.

"அது நம்ம காதுல பூ சுத்த!"

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுச் சிரித்தபடியே போனை வைத்தாள்.

கணவர் நிமிர்ந்தார். "சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டே பார்த்த தொடர். முடிவைக் காட்டாமலே நிறுத்தி முப்பது வருஷமாச்சு. போன மாசம் அதை எழுதினவரே உன் கிளினிக்குக்குப் பல் கட்ட வந்தார். வக்கீல்தான் கொலைகாரன்னு அவர் வாயாலயே சொன்னாரே, தம்பிகிட்ட ஏன் சொல்லலை?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா அவன் ஜெயிச்சிடுவான். ஜெயிச்சுட்டா, அப்புறம் எதுக்குங்க வாராவாரம் அக்காவுக்குப் போன் பண்ணப்போறான்?"