இனியாவின் சோளம்

கடை மாவு எதைச் சாப்பிட்டாலும் இனியாவுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. கடையில் விற்ற எல்லாத் தானியத்திலும் பூச்சியைக் கொல்லும் மரபணு சேர்க்கப்பட்டிருந்தது; அது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஆறு வயது மகளுக்காகத் தமிழரசி வீட்டுக்குப் பின்னால் பழைய நாட்டு மக்காச்சோளம் விதைத்து, மூன்று வருடமாக அதையே கஞ்சியும் ரொட்டியுமாகக் கொடுத்து வந்தாள்.

இந்த முறை அறுவடைக்கு முந்தின வாரம் பயிரைச் சோதிக்க வந்த அரசு ஆய்வாளர், அவளுடைய தம்பி முகிலன். மணிகளை அரைத்துக் கரைத்துச் சோதனைத் தாளை நனைத்தான். அந்த மரபணு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்து வயலில் புதிதாகப் போட்ட மரபணு மாற்றிய ரகத்தின் மகரந்தம் காற்றில் வந்து கலந்திருந்தது. அனுமதி வாங்காத வயலில் அந்த மரபணு இருந்தால் பயிரை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

முகிலன் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, ஒண்ணும் இல்லன்னு எழுதிடுறேன். யாருக்கும் தெரியாது.”

“நீ எழுதிருவ. அவ தொண்டைக்கு யாருடா சொல்றது?”

“பழைய வெத மிச்சம் இருக்கா?”

“இருந்த அம்புட்டையும் இதுலதான் போட்டேன்.”

அப்போது இனியா ஓடிவந்து, “எப்பம்மா கதிர் ஒடிக்கலாம்?” என்று கேட்டாள்.

தமிழரசி முதல் செடியை வேரோடு பிடுங்கினாள். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் முகிலனும் குனிந்தான்.